அத்திப்பள்ளியைக் கடக்கும் சொற்கள்

பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியையும் ஹெப்பகோடியையும் பொம்மசந்திராவையும் தாண்டினால் சந்தாபுரா வரும். ஆனேக்கல் செல்லும் சாலை இங்குதான் பிரிகிறது. நெடுஞ்சாலையின் எண் 44. காசுமீரத்தில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் நீண்ட சாலை அது. சந்தாபுராவிலிருந்து தெற்கே செல்லும் ஒருவர் அத்திப்பள்ளியில் மாநில எல்லையைக் கடக்கிறார். பிறகு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. தொழிற்பேட்டைகளில் வேலை தேடி இந்தச் சாலை வழியே வந்து, சந்தாபுராவிலும் அதனைச் சுற்றியும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல.

அக்குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். கடைத்தெருவில் கன்னடம் பேசுகின்றனர். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கின்றனர். நான்கு மொழிச் சொற்கள் ஒரே நாவில் இருப்பது பெருஞ்செல்வம். பேசும்போது இச்செல்வத்தால் தீங்கொன்றும் நேர்வதில்லை. கேட்பவர் புருவத்தை நெரித்தால் பேசுபவர் உடனே வேறு சொல்லுக்கு மாறிவிடுவார், கையால் சுட்டிக் காட்டுவார், சிரித்துச் சமாளிப்பார். எழுத்தின் நிலை வேறு. எழுதியவர் கடிதத்தோடு பயணம் செய்வதில்லை. படிப்பவர் ஒரு சொல்லில் தயங்கி நிற்கும்போது, "நான் சொல்ல வந்தது அதுவன்று" என்று விளக்க அங்கே ஒருவரும் இல்லை. சொல் தனியாக எல்லையைக் கடக்கிறது, தனியாகவே பொருள்படுகிறது.

மனையும் ஹள்ளியும்

சந்தாபுராவில் வாழும் சிறுமி ஒருத்தி, சேலத்திலுள்ள தன் பாட்டிக்கு, "நாங்கள் புதிய மனைக்குப் போய்விட்டோம்" என்று எழுதுவதாகக் கொள்வோம். வாடகை வீடு மாறியதைத்தான் அவள் சொல்கிறாள். கன்னடத்தில் 'மனெ' என்றால் வீடு. ஆனால் இன்றைய தமிழ்நாட்டில் 'மனை' என்றால் வீடு கட்டுவதற்குரிய காலி நிலம். பத்திரப்பதிவிலும் நில விற்பனை விளம்பரங்களிலும் அச்சொல் அப்பொருளில்தான் வழங்குகிறது. மகன் பெங்களூருவில் நிலம் வாங்கிவிட்டான் என்று பாட்டி எண்ணுவார். மாலைக்குள் அச்செய்தி உறவினர் அனைவருக்கும் எட்டிவிடும். "எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லையே" என்ற மனக்குறையும் உடன் எழும்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. சிறுமி எழுதியது பழந்தமிழ் வழக்கின்படி பிழையே அன்று. சங்க காலத்தில் 'மனை' என்பது வீட்டைத்தான் குறித்தது. 'மனைவி' என்னும் சொல்லில் அப்பொருள் இன்றும் தங்கியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலும் 'மனை' என்பதற்கு வீடு என்ற பொருளைக் காணலாம். கன்னடம் பழம்பொருளைக் காத்து வைத்திருக்கிறது. தமிழின் அன்றாட வழக்கு நகர்ந்துவிட்டது. ஆயினும் பாட்டி பேரகராதியைப் புரட்டிவிட்டுக் கடிதத்தைப் படிக்கப் போவதில்லை. அகராதியில் ஒரு பொருள் இருக்கிறது என்பது மட்டுமே ஒரு சொல்லை எழுதுவதற்குப் போதிய காரணமாகாது. இன்றைய வழக்கை அறிய, 1992ஆம் ஆண்டு முதற்பதிப்பு வெளிவந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' போன்ற நூல் பெரிதும் உதவும். அது சொற்களுக்குப் பொருள் கூறுவதோடு, அவை இன்று வாக்கியத்தில் எவ்வாறு வருகின்றன என்பதையும் எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறது.

'ஹள்ளி'யும் இத்தகையதே. தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன. பால் 'ஹாலு' ஆகும். புலி 'ஹுலி' ஆகும். பூ 'ஹூ' ஆகும். அவ்வகையில் 'ஹள்ளி' என்பது 'பள்ளி'யின் உடன்பிறப்பு. கன்னடத்தில் அது சிற்றூரைக் குறிக்கிறது. தமிழிலும் ஒரு காலத்தில் ஊர் என்னும் பொருள் அதற்கு இருந்தது. திருச்சிராப்பள்ளி போன்ற பெயர்களில் அது தெரிகிறது. இன்றோ 'பள்ளி' என்றதும் தமிழ்நாட்டுப் பிள்ளையின் நினைவுக்கு வருவது கரும்பலகையும் மணியோசையும்தான். 'அத்திபெலெ' என்னும் கன்னட ஊர்ப்பெயரைத் தமிழர் 'அத்திப்பள்ளி' என்று எழுதுவதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். சொற்களைப் போலவே ஊர்ப்பெயர்களும் எல்லையில் உடை மாற்றிக்கொள்கின்றன.

மேடையில் பாட வாய்ப்புப் பெற்ற சிறுவன் "எனக்கு அவகாசம் கிடைத்தது" என்று எழுதினால், பாடுவதற்குப் போதிய நேரம் கிடைத்ததாகவே தமிழ்நாட்டில் படிப்பவர் கொள்வார். கன்னடத்தில் 'அவகாஷ' என்பது வாய்ப்பு. தமிழில் 'அவகாசம்' என்பது கால நீட்டிப்பு. "பாடத்தில் எனக்கு ஓர் அனுமானம்" என்று எழுதினால், மாணவன் எதையோ ஊகித்துக் கண்டுபிடித்துவிட்டான் என்று தமிழாசிரியர் மகிழக்கூடும். அவனுக்கிருந்ததோ வெறும் ஐயம். எல்லாவற்றினும் வேடிக்கையானது 'சிட்சை'. இந்தி வகுப்பில் 'சிக்ஷா' என்றால் கல்வி. கன்னட வகுப்பில் 'சிக்ஷெ' என்றால் தண்டனை. இரண்டும் ஒரே வடமொழிச் சொல்லின் பிள்ளைகள். கல்வியும் தண்டனையும் ஒரே சொல்லுக்குள் எப்படி நுழைந்தன என்பதைப் பழங்காலத்துத் திண்ணைப் பள்ளி மாணவரிடம் கேட்டால் எளிதாக விளக்கியிருப்பர்.

ஈ, தா, கொடு

சந்தாபுராக் கடைத்தெருவில் பால் வாங்கச் செல்லும் பிள்ளை, "ஹாலு கொடி" என்று கேட்கிறது. கன்னடத்தில் 'கொடி' என்பது 'கொடுங்கள்' என்னும் மரியாதைச் சொல். அதே கன்னடத்தில் 'தா' என்றால் 'கொண்டு வா' என்று பொருள். தமிழிலோ 'தா', 'கொடு' ஆகிய இரண்டும் ஈதலையே குறிக்கின்றன. அப்படியாயின் இரண்டு சொற்கள் எதற்கு?

இக்கேள்வியைத் தொல்காப்பியர் நெடுங்காலத்திற்கு முன்பே எழுப்பி விடையும் கூறியுள்ளார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் 'ஈ', 'தா', 'கொடு' என்னும் மூன்று சொற்களையும் அவர் வேறுபடுத்துகிறார். இரப்பவர் தம்மினும் உயர்ந்தவரிடம் கேட்கும்போது 'ஈ' என்பார். ஒத்த நிலையில் உள்ளவரிடம் கேட்கும்போது 'தா' என்பார். தம்மினும் தாழ்ந்த நிலையில் உள்ளவரிடம் கேட்கும்போது 'கொடு' என்பார். கேட்கும் பொருள் ஒன்றே; கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே உள்ள உறவு மாறும்போது சொல்லும் மாறுகிறது.

மனிதரை உயர்ந்தவர், தாழ்ந்தவர் எனப் பிரிக்கும் அந்தப் பழைய ஏணியை இன்று எவரும் தூக்கித் திரிய வேண்டியதில்லை. 'ஈ' பேச்சு வழக்கிலிருந்து மறைந்தும் விட்டது. ஆனால் தொல்காப்பியர் சுட்டிய நுட்பம் மறையவில்லை. தலைமையாசிரியருக்கு எழுதும் விண்ணப்பத்தில் "எனக்கு இரண்டு நாள் லீவு கொடுங்கள்" என்பதில் பொருள் குறைவொன்றுமில்லை, பணிவுதான் குறைகிறது. "இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு வேண்டுகிறேன்" என்பதில் கேட்பவரின் நிலையும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. இங்கே இன்னொரு கவனமும் தேவை. 'விடு' என்னும் ஒரே வேரிலிருந்து விடுப்பு, விடுமுறை, விடுதலை என்னும் மூன்று சொற்கள் கிளைத்துள்ளன. ஒருவர் கேட்டுப் பெறுவது விடுப்பு. எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்கப்படுவது விடுமுறை. பள்ளியிலிருந்து இரண்டு நாள் 'விடுதலை' வேண்டி விண்ணப்பித்தால், அது உண்மையாகவே இருந்தாலும், தலைமையாசிரியர் இசைவது ஐயமே.

ஒரு சொல் விடுபட்டால்

மனை, அவகாசம் போன்றவற்றால் நேரும் குழப்பத்தைச் சிரித்துக் கடந்துவிடலாம். சில சொற்களை அவ்வாறு கடக்க இயலாது.

குளியலறையில் வழுக்கி விழுந்த தாத்தாவைப் பற்றி ஊரிலுள்ள உறவினருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறான் ஒரு சிறுவன். "தாத்தா தவறி விழுந்துவிட்டார்; கையில் அடி" என்பதே செய்தி. அவசரத்தில் 'விழுந்து' என்னும் சொல்லை விட்டுவிட்டு, "தாத்தா தவறிவிட்டார்" என்று மட்டும் அனுப்பிவிடுகிறான். தமிழ்நாட்டில் 'தவறிவிட்டார்' என்றால் 'இறந்துவிட்டார்' என்று பொருள். ஊரில் அழுகை எழும். வண்டி பிடித்து உறவினர் புறப்படுவர். நெஞ்சு வலியுள்ள முதியவர் எவரேனும் அதைப் படித்தால் நேரக்கூடியதை எண்ணவும் அச்சமாக இருக்கிறது. எழுதியவன் பொய்யொன்றும் எழுதவில்லை. சிறுவயது முதல் பெங்களூருவிலேயே வளர்ந்ததால், அச்சொல்லுக்குள் இறப்பு ஒளிந்திருப்பதை அவன் கேட்டதில்லை. அவ்வளவுதான்.

இறப்பை நேராகச் சொல்ல அஞ்சி வேறு சொல்லால் குறிப்பது தமிழில் மிகப் பழைய வழக்கம். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதனைத் 'தகுதி வழக்கு' என்னும் தலைப்பில் வைத்து, மூன்றாகப் பகுக்கிறது. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மங்கலமற்றதை மங்கலமாகச் சொல்வது மங்கலம். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்வது குழூஉக்குறி. இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் மங்கலத்திற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். விளக்கை 'அணை' என்னாமல் 'குளிர வை' என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் உள்ளனர்.

இறப்பைக் குறிக்கும் சொற்களுள்ளும் எல்லாம் எல்லா இடத்திற்கும் பொருந்துவதில்லை. போற்றத்தக்க தலைவர் ஒருவரைப் பற்றிய கட்டுரையில் 'செத்தார்' என்று எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பர். 'மறைந்தார்', 'காலமானார்', 'இயற்கை எய்தினார்' என்பவை அங்கே பொருந்தும். நாட்டைக் காக்கும் போரில் உயிர் நீத்தவருக்கு 'வீரமரணம் எய்தினார்' என்பதே உரியது. மருந்து தெளித்ததும் கொசுக்கள் 'இயற்கை எய்தின' என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும். உயர்ந்த சொல்லாயினும் இடம் மாறினால் நகைப்புக்குரியதாகிவிடுகிறது. எளிய சொல் போதுமான இடத்தில் அணிகலன் பூண்ட சொல்லைத் தேடுவதும் ஒரு வகைக் கவனக்குறைவே. பள்ளிக் கட்டுரைகளில் அது சற்று மிகுதியாகவே காணப்படுகிறது.

மனிதரைக் குறிக்கும் சொற்கள்

கடிதமும் கைப்பேசிச் செய்தியும் ஒரு குடும்பத்திற்குள் நிற்பவை. அரசின் ஏடுகளில் எழுதப்படும் சொல் கோடிக்கணக்கானவர்மேல் படிகிறது. தலைமுறை தலைமுறையாக ஒருவரை இன்ன சொல்லால்தான் அழைக்கலாம் என்று அது சொல்லாமல் சொல்கிறது.

ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிப்பதற்குச் சென்னை மாகாண அரசின் ஆவணங்களில் முன்னர் இழிவுப் பொருள் ஏறிய சொற்கள் வழங்கின. அச்சொற்களை இப்பாடத்தில் மீண்டும் எழுத வேண்டியதில்லை. அவற்றை நீக்கக் கோரி, 1922ஆம் ஆண்டு எம்.சி. ராஜா சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அவற்றுக்கு மாறாகத் தமிழ் பேசுவோருக்கு 'ஆதிதிராவிடர்' என்றும், தெலுங்கு பேசுவோருக்கு 'ஆதி ஆந்திரர்' என்றும் எழுத வேண்டும் என்பது அவரது கோரிக்கை. அரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. 'ஆதி' என்றால் முதல், தொடக்கம். நேற்றுவரை கடைசியில் நிறுத்தப்பட்டவர்களை, இந்த மண்ணின் முதல் மக்கள் என்று அச்சொல் அறிவித்தது. ஆணையால் ஊர்களில் நிலவிய ஏற்றத்தாழ்வு அன்றே ஒழிந்துவிடவில்லை. ஆயினும் ஒரு தாய் தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, அங்குள்ள பதிவேட்டில் இழிசொல் எழுதப்படாதிருப்பது சிறிய செய்தியன்று.

நல்லெண்ணத்தோடு தேர்ந்த சொல்லும் எப்போதும் ஏற்கப்படுவதில்லை. காந்தியடிகள் ஒடுக்கப்பட்ட மக்களை 'இறைவனின் மக்கள்' என்னும் பொருளில் 'ஹரிஜன்' என்று அழைத்தார்; 1933ஆம் ஆண்டு அப்பெயரில் இதழும் தொடங்கினார். அம்பேத்கர் அச்சொல்லை ஏற்கவில்லை. உரிமை கேட்டு நிற்பவர்களுக்கு இரக்கத்தால் சூட்டப்படும் பெயர் நிறைவளிக்காது என்பது இதிலிருந்து விளங்கும். ஒருவரை எப்படிக் குறிப்பிடுவது என்பதை முடிவு செய்யும்போது, குறிப்பிடப்படுபவரின் விருப்பமே முதலில் கேட்கப்பட வேண்டியது.

பிற்காலத்தில் மு. கருணாநிதி தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்தபோது 'ஊனமுற்றோர்' என்னும் சொல் விலக்கப்பட்டு, 'மாற்றுத்திறனாளி' என்பது அரசு வழக்கில் நிலைபெற்றது. 'ஊனம்' என்றால் குறை. பழைய சொல் ஒருவரிடம் இல்லாததைச் சுட்டியது. புதிய சொல் அவரிடம் இருக்கும் திறனைச் சுட்டுகிறது. 'திருநங்கை' என்னும் மதிப்புமிக்க சொல்லும் அக்காலத்திலேயே அரசு வழக்கில் இடம்பெற்றது. இன்று இவ்விரு சொற்களும் செய்தித்தாளிலும் பாடநூலிலும் இயல்பாக வழங்குகின்றன. சொல்லை மாற்றிவிட்டு, சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் கட்டாமல் விட்டால் மாற்றம் பாதியிலேயே நின்றுவிடும் என்பதும் உண்மையே.

சந்தாபுராப் பிள்ளைகள் தனியே அறிந்துகொள்ள வேண்டிய சொல் 'காலனி'. பெங்களூருவில் வங்கிக் காலனி, ஆசிரியர் காலனி என்னும் பெயர்கள் இயல்பானவை. எவரும் தம் முகவரியில் அச்சொல்லை எழுதத் தயங்குவதில்லை. குடியேற்றம் என்னும் பொருளுடைய பழைய இலத்தீன் சொல் ஒன்று ஆங்கிலத்தின் வழியாக இங்கு வந்துசேர்ந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அது வேறு வழியில் நடந்தது. அங்கே 'ஊர்' என்பது ஒரு பகுதியாகவும், 'காலனி' என்பது ஊரிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பாகவும் பிரிந்தன. நாளடைவில் அச்சொல்லைச் சொல்லும் தொனியிலேயே ஏளனம் ஏறியது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அச்சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் ஆகிவிட்டமையால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் அது நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்.

கோடை விடுமுறையில் கிடைத்த புதிய தோழிக்கு, சந்தாபுராச் சிறுமி ஒருத்தி ஊர் திரும்பியதும் மடல் எழுதுகிறாள் எனக் கொள்வோம். "எங்கள் காலனி மிகவும் பெரியது. நீயும் காலனியில்தான் இருக்கிறாயா?" என்று கேட்கிறாள். அவள் மனத்தில் இருப்பது பூங்காவும் ஊஞ்சலும் கொண்ட குடியிருப்பு. அந்தத் தோழியோ, அச்சொல்லைப் பள்ளியிலும் தெருவிலும் வேறு தொனியில் கேட்டு வளர்ந்தவளாக இருக்கலாம். அவள் மடலை மடித்து வைத்துவிடுவாள், மறுமடல் வராது. வராததன் காரணமும் சந்தாபுராவுக்குத் தெரியாமலே போகும். 'குடியிருப்பு' என்று எழுதியிருந்தால், அம்மடல் பூங்காவையும் ஊஞ்சலையும் மட்டுமே சுமந்து சென்றிருக்கும்.

அருஞ்சொற்பொருள்

விண்ணப்பம் – வேண்டுகோள் மடல். ஊகித்தல் – உய்த்துணர்தல். துஞ்சினார் – உறங்கினார், இறந்தார். ஆவணம் – எழுத்துப் பதிவு. சாய்தளம் – சக்கர நாற்காலி ஏறுவதற்கான சரிவுப் பாதை. ஏளனம் – இகழ்ச்சி. மடல் – கடிதம்.

பயிற்சி

1. 'மனை' என்னும் சொல் பழந்தமிழிலும் கன்னடத்திலும் இன்றைய தமிழிலும் எப்பொருளில் வழங்குகிறது என்பதை விளக்குக.

2. பின்வரும் செய்தியைத் தமிழ்நாட்டிலுள்ள உறவினர் பிழையின்றிப் புரிந்துகொள்ளுமாறு திருத்தி எழுதுக: "தாத்தா படியில் தவறிவிட்டார். டாக்டரைப் பார்க்க இன்னும் அவகாசம் கிடைக்கவில்லை. நாளை பெரிய மனைக்கு வருகிறோம்."

3. 'ஆதிதிராவிடர்', 'மாற்றுத்திறனாளி' ஆகிய சொற்கள் எந்தச் சொற்களுக்கு மாற்றாக வந்தன, ஏன் வந்தன என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் உரையாடி, பத்து வரிகளில் எழுதுக. இழிசொற்களை எழுதாமலே அதனை விளக்க முயல்க.

4. வீட்டில் பேசும் தமிழிலும் தெருவில் பேசும் கன்னடத்திலும் ஒரே ஒலியுடன் வெவ்வேறு பொருள் தரும் சொற்கள் ஐந்தினைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் இரு வாக்கியங்களில் அமைத்துக் காட்டுக.